டேவிட் தாம்சன்: காட்டுக்குள் அடிவானம் ஏது?

அல்சூர் வாசகி:
ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ப்ராஜெக்ட். கனடாவின் மேற்குப் பகுதியை அளந்து வரைந்த டேவிட் தாம்சனைப் பற்றி எழுத வேண்டும். 1784-ல் 14 வயதில் ஹட்சன் பே கம்பெனிக்கு வேலைக்குப் போனது, பீவர் தோல் வியாபாரம், 1811-ல் கொலம்பியா நதியின் முகத்துவாரத்தை எட்டியது எல்லாம் படித்துவிட்டாள். ஒரே ஒரு இடத்தில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். செக்ஸ்டன்ட் என்கிற கோணமளக்கும் கருவியில் சூரியனின் உயரத்தை அடிவானத்திலிருந்துதானே அளப்பார்கள்? காட்டுக்கும் மலைக்கும் நடுவே அடிவானம் எங்கே தெரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஜெயநகர் சர்வேயர்:
தட்டில் பாதரசம் ஊற்றி வைப்பார்கள் அம்மா. அது தானாகவே மட்டமாக நிற்கும். காற்றில் அலையாமல் இருக்க மேலே கண்ணாடி மூடி. வானத்துச் சூரியனையும் பாதரசத்தில் விழும் பிம்பத்தையும் செக்ஸ்டன்டில் ஒன்றோடொன்று சேர்த்தால் கிடைப்பது இரட்டிப்புக் கோணம். பாதியாக்கினால் உயரம். அட்சரேகை அப்படி வந்துவிடும். தீர்க்கரேகைதான் பெரும்பாடு: நிலவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை அளந்து, கிரீன்விச் அட்டவணையோடு ஒப்பிட்டு, நெடுநேரம் கணக்குப் போட வேண்டும். பகலெல்லாம் படகு வலித்துவிட்டு இதையும் செய்திருக்கிறார். 1788-ல் கால் முறிந்தது, ஆற நெடுநாள் ஆனது. அந்த நாட்களில்தான் கம்பெனி சர்வேயர் பிலிப் டர்னரிடம் இதைக் கற்றார். அதே காலத்தில் வலது கண் பார்வையும் போயிற்று. தியோடலைட்டில் கண் வைத்தே பிழைத்தவன் நான். ஒற்றைக் கண்ணோடு அவர் எடுத்த அளவுகளை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மல்லேஸ்வரம் மீனா:
சார்லட் ஸ்மாலை விட்டுவிடாதீர்கள். அம்மா கிரீ பழங்குடிப் பெண், அப்பா ஸ்காட்லாந்து வியாபாரி. 1799-ல் தாம்சனை மணந்தார், 13 பிள்ளைகள். 1807-ல் குழந்தைகளோடு ராக்கி மலைத்தொடரையே தாண்டினார். கடைசிக் காலத்தில் வறுமை, கருவிகளைக்கூட விற்க வேண்டி வந்தது. 1857 பிப்ரவரியில் தாம்சன் காலமானார், மூன்றே மாதத்தில் சார்லட்டும். ப்ராஜெக்டில் இவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அல்சூர் வாசகி:
கட்டாயம் எழுதுவாள். சார், வீட்டிலேயே செய்து காட்ட முடியுமா? பாதரசம் விஷமாச்சே.

ஜெயநகர் சர்வேயர்:
பாதரசமே வேண்டாம், கெட்டி வெல்லப்பாகு போதும். சூரியனைப் பார்க்க விடாதீர்கள், பௌர்ணமி நிலவில் பிம்பத்தைக் காட்டுங்கள். அப்புறம் பாகைமானியில் நூலும் ஒரு கனமும் கட்டித் துருவ நட்சத்திரத்தை அளக்கட்டும். பெங்களூரில் 13 டிகிரி பக்கம் வரும், அதுதான் நம் அட்சரேகை. ரொம்பத் தாழ்வாக இருக்கும், வடக்கே கட்டடம் மறைக்காத மொட்டைமாடியாகப் பாருங்கள்.