கரி யார் வாங்குவது?

(குழு: கவின் பட்டமளிப்பு விருந்து)

ரேவதி: சனிக்கிழமை 60 பேர். கோழியைச் சாந்தி அண்ணி ஊறவைக்கிறார். கரி யார் வாங்குவது?

மணி: போன தடவை நான்

மணி: காசு இன்னும் வரவில்லை 😄

சாந்தி: கேஸ் அடுப்பு போதாதா?

ரேவதி: கவினுக்குக் கரிதான் வேண்டுமாம்

செல்வம்: கரி என்றதும் நினைவு வருகிறது. மூட்டையில் வரும் அந்தக் குட்டித் தலையணை மாதிரிக் கட்டி இருக்கிறதே, அது நம் மிச்சிகனில் கார் தொழிலோடு வளர்ந்தது. ஃபோர்டு மாடல் டி வண்டி ஒவ்வொன்றிலும் சட்டம், சக்கரம் என்று சுமார் 100 போர்டு அடி மரம். அதற்காக ஹென்றி ஃபோர்டு வடக்கே அயர்ன் மவுண்டன் பக்கம் 3,13,000 ஏக்கர் காடு வாங்கி மர ஆலை போட்டார். சிராயும் மரத்தூளும் குவிந்தன. எதையும் வீணாக்க மனசு வராத ஆள்.

மணி: அண்ணன் ஆரம்பித்துவிட்டார்

சாந்தி: எனக்குக் காலையிலேயே ஆகிவிட்டது

செல்வம்: காடு பார்த்துக் கொடுத்தவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு. ஃபோர்டின் உறவுக்காரப் பெண்ணைக் கட்டியவர். ரியல் எஸ்டேட்.

மணி: ரியல் எஸ்டேட் மாப்பிள்ளையா 🤐

பாபு: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

மதுரை சித்தி: மாப்பிள்ளையை ஏன் இழுக்கிறீர்கள்? திருமங்கலம் மனைக்குப் பட்டா வந்துவிடும்.

செல்வம்: சித்தி, நான் ஃபோர்டைச் சொன்னேன்

மதுரை சித்தி: 2014லிருந்து எல்லோரும் ஃபோர்டைத்தான் சொல்கிறீர்கள்

ரேவதி: கரி???

பாபு: நான் 2 மூட்டை வாங்குகிறேன்

மணி: பத்திரத்தோடா அத்தான்?

ரேவதி: மணி, போதும்

செல்வம்: முடித்துவிடுகிறேன். ஓரின் ஸ்டாஃபோர்டு என்ற ஓரிகன் வேதியியல்காரரின் முறைப்படி, கழிவு மரத்தைக் கரியாக்கிப் பொடித்து, சோள மாவுப் பசை சேர்த்து அச்சில் அழுத்தினார்கள். ஆலையை வடிவமைத்தவர் எடிசன், அதே பல்பு எடிசன். ஒரு டன் கழிவுக்கு 610 பவுண்டு கட்டி. ஆனால் ஃபோர்டு கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்ஸ்வொர்த் ஸ்வாயர் 1897லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஃபோர்டு செய்தது, கார் விற்கும் கடையிலேயே கரியையும் விற்றது. 1951ல் ஆலை கைமாறியது. மூட்டைக்கு மாப்பிள்ளை பெயர் வந்தது.

பாபு: பார்த்தீர்களா 😎

மதுரை சித்தி: உங்கள் அம்மாச்சி கரித்தூளைச் சாணியில் குழைத்து உருண்டை பிடித்து மொட்டைமாடியில் காயவைப்பார். விரலெல்லாம் கறுப்பு. எந்தக் காப்புரிமையும் இல்லை.

சாந்தி: 👏👏

ரேவதி: அந்த உருண்டை அடுப்பு இப்போது யாரிடம் சித்தி?

மதுரை சித்தி: அதைத்தான் உன் பெரியம்மா எடுத்துக்கொண்டு போனாளே. கேட்டால் தரமாட்டாள்.

மணி: மூடி உள்ள அடுப்பு நம்மிடம் ஒன்றுதானே?

செல்வம்: அந்த மூடிக்கும் கதை உண்டு. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் இரும்புப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் வேலை பார்த்தார். 1952ல், தண்ணீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவையை இரண்டாக வெட்டி அடுப்பும் மூடியும்

சாந்தி: சாப்பிட வாங்க. தோசை ஆறுகிறது.

செல்வம்: வருகிறேன். மணி, கரியில் சாம்பல் வெள்ளையாகப் பூத்த பிறகுதான் கோழியை வைக்க வேண்டும். போன முறை எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து எல்லாம் மண்ணெண்ணெய் வாடை.

மணி: அது பாபு அத்தான்

பாபு: நான் விசிறி மட்டும் பிடித்தேன்

ரேவதி: சைவம் 14 பேர். அவர்களுக்குத் தனி அடுப்பு யார் கொண்டுவருவது?

ரேவதி: ஹலோ?

மணி: என் காசு