அவஸ்தைப்பூசுதல் என்ற பயம்: நோயாளர் படுக்கையருகே கண்டவை

பங்கு நோயாளர் சந்திப்புக் குழுவிலிருந்து:

"சாமியாரைக் கூப்பிடலாமா?" என்று, நோயாளிக்கு எண்ணெய் பூசக் குருவானவரை அழைப்பதைப் பற்றிக் கேட்டதுமே பல வீடுகளில் முகம் மாறிவிடும். "அப்பா பயந்துடுவார், கொஞ்ச நாள் போகட்டும்" என்பார்கள். இந்தப் பயத்துக்குப் பழைய பெயர் ஒரு காரணம். நோயாளருக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளத்தை, அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கை, பெரியவர்கள் இன்னும் அவஸ்தைப்பூசுதல் (சாகும் வேளையில் பூசுதல்) என்றே சொல்கிறார்கள். எண்ணெயோடு சாமியார் வந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நோயில்பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்றும், அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றும் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொல்லிவிட்டது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே திருத்தி அமைத்தார்.

கடுமையான நோய்க்காக அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர், முதுமையால் மிகவும் தளர்ந்தவர் ஆகியோரும் பெறலாம். குணமாகி மறுபடி நோயில் விழுந்தாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பவும் பெறலாம். நினைவு தப்பும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. அப்போதும் பூசுதல் கிடைக்கும். ஆனால் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) வழியுணவாகிய நற்கருணையும் (சாகுமுன் பெறும் திருவிருந்து அப்பம்) கைநழுவிப் போகும். மூன்றையும் அவர் விழிப்போடு பெற்றுக்கொள்ள வழிசெய்வது நம் கடமை.

வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியாளர்:

சாமியார் வருமுன் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்) ஒன்று, மெழுகுவர்த்தி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன், கொஞ்சம் பஞ்சு வைத்தால் போதும். அறையில் ஆக்சிஜன் ஓடினால் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. பக்தி மிகுதியில் இதை மறந்துவிடுகிறார்கள். தீப்பிடிக்கும்.

"காலையில் கஞ்சி குடித்துவிட்டாரே, நன்மை வாங்கலாமா?" என்று நற்கருணை பெறுவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். நற்கருணைக்கு முன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாசம் நோயாளரையும் முதியோரையும் கட்டுப்படுத்தாது. அவர்களைப் பராமரிப்பவர்களையும் கட்டுப்படுத்தாது. விழுங்கச் சிரமப்பட்டால் அப்பத்தின் கடுகளவுத் துண்டைத் தண்ணீரோடு ஸ்பூனில் கொடுக்கலாம். அதுவும் இறங்காவிட்டால் திராட்சை இரசமாக மட்டும் கொடுக்க வழியுண்டு; அதை முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லிவையுங்கள்.

நெற்றியிலும் கைகளிலும் பூசுவது வழக்கம். ஐ.சி.யூ.வில் குழாய்களும் கட்டுகளுமாக இருந்தால் நெற்றியில் மட்டும் பூசினாலும் அருளடையாளம் நிறைவானது. தொற்றுப் பயம் இருந்தால் பஞ்சு போன்ற கருவியால் பூசவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. குருவானவர் மட்டுமே பூச முடியும். நாங்கள் கொண்டுபோகும் ஆலய எண்ணெயை யாரும் அதற்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

வலி தணிப்புப் பிரிவுச் செவிலியர்:

"இது ஆண்டவர் தந்த சிலுவை, மாத்திரை வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களை எங்கள் பிரிவில் பார்க்கிறோம். சில நேரம் நோயாளியைவிட வீட்டாரே அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இது தாங்காது. வலி மருந்து எடுத்துக்கொள்வதை ஏற்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மயக்க மருத்துவர்களிடம் விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2279-ஆம் எண் வலி தணிப்பை அன்பின் செயல் என்றே போற்றுகிறது.

உடனடியாக வேலை செய்யும் மார்பின் மாத்திரையை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த முறை அதே அளவு மருந்துக்கு வலி அடங்காது. மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தையும் மருத்துவர் சேர்த்தே எழுதித் தருவார், அதை நிறுத்திவிடாதீர்கள். வலி அடங்கிய பிறகுதான் பலருக்குச் செபமே வருகிறது.

தியான இல்லத்தில் ஆன்ம வழிகாட்டி:

செவிலியர் சகோதரி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். தணிக்கக்கூடிய வலியைத் தணிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதைத்தான் பிறருக்காகக் கடவுளிடம் ஒப்புக்கொடுக்கச் சொல்கிறோம். விவிலியத்தில் கொலோசையர் 1:24-இல் திருத்தூதர் பவுல், கிறிஸ்துவின் துன்பத்தில் குறைவாயிருப்பதைத் திருச்சபைக்காகத் தம் உடலில் நிறைவுசெய்வதாகச் சொல்கிறார். அந்த வசனத்தை மையமாக வைத்துத்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் துன்பத்தைப் பற்றிய திருத்தூது மடலைத் தொடங்கினார். கிறிஸ்துவின் மீட்புச் செயலில் குறை ஏதும் இல்லை; அதில் நமக்கும் பங்கு தருகிறார் என்பதே அதன் பொருள்.

"எல்லாருக்காகவும்" என்று பொதுவாக ஒப்புக்கொடுத்தால் மனம் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆள் போதும். "இன்று மாலைவரை வருவதெல்லாம் வேலை கிடைக்காத பேரனுக்காக" என்று ஒரே வரியில் சொல்லலாம். நீளமான செபம் வேண்டாம், களைப்பு விடாது. இந்த ஒப்புக்கொடுத்தலை அவர் வாயிலிருந்துதான் எதிர்பார்க்க வேண்டும். பார்க்கப் போனவர் "ஒப்புக்கொடுங்க, ஒப்புக்கொடுங்க" என்றால் நோயாளி வாயடைத்துப் போவார். விவிலியத்தில் பெரும் துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை சரியாகத்தான் இருந்தது. பிறகு "நீ பாவம் செய்திருப்பாய்" என்று காரணம் காட்டத் தொடங்கினார்கள். கடவுள் கடைசியில் சினந்துகொண்டது அவர்கள்மீதுதான்.

"கடவுள் என்னைக் கைவிட்டுட்டார்" என்று சொன்னால் அதட்டாதீர்கள். விவிலியத்தின் 88-ஆம் திருப்பாடலை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அது இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வரி கிடையாது. ஆனாலும் முழுக்க முழுக்கக் கடவுளை நோக்கியே பேசுகிறது. அதற்குள் தம் குரலைக் கேட்டவர்கள் அழுதுவிடுவார்கள். அழட்டும். இத்தகைய மன வறட்சியில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பது ஆன்மிகப் பயிற்சிகளை எழுதிய புனித இஞ்ஞாசியார் தரும் விதி. செபத்தையோ நன்மை வாங்குவதையோ விட்டுவிடும் முடிவை இந்த நாட்களில் எடுக்கவே கூடாது. செப நேரத்தைக் கொஞ்சம் நீட்டவும் அவர் சொல்கிறார். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு அது ஓர் அருள்நிறை மரியே செபத்தைக் கூடுதலாகச் சொல்வதாக இருக்கலாம்.

பங்கு நோயாளர் சந்திப்புக் குழுவிலிருந்து:

நேர்ச்சையைப் பற்றியும் எழுத வேண்டும். 2002-இல் அனைத்துலக நோயுற்றோர் நாள் வேளாங்கண்ணியில்தான் கொண்டாடப்பட்டது. அந்தத் தாயிடம் நேர்ந்துகொள்ளாத வீடு நம் பக்கம் அரிது. "குணமானால் நடந்தே வருகிறேன்" என்று நேர்ந்தவர் குணமாகாவிட்டால், நிபந்தனை நிறைவேறாததால் அந்த நேர்ச்சை அவரைக் கட்டுப்படுத்தாது. குணமாகியும் நடக்க வலுவில்லாவிட்டால் அதற்கு ஈடான வேறொன்றாக அவரே மாற்றிக்கொள்ளலாம். முற்றிலும் முடியாவிட்டால் தகுந்த காரணத்துக்காகப் பங்குத்தந்தை அதிலிருந்து விடுவிக்க முடியும். இது தெரியாமல், மாதாவுக்குக் கடன்பட்டுச் சாகிறோமே என்ற கலக்கத்தோடு கிடக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

வலி தணிப்புப் பிரிவுச் செவிலியர்:

கடைசி மணி நேரங்களுக்கு ஒன்று. பேச்சு நின்றாலும் காது கேட்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொத்து, அடக்கச் செலவு எல்லாம் அறைக்கு வெளியே. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உரக்கச் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. ஒரு பத்து மணி போதும். ஒருவர் மட்டும் காதருகே குனிந்து, அவருடைய மூச்சின் வேகத்துக்கு "இயேசுவே, மரியாயே, சூசையே" என்று சொல்லட்டும். மற்றவர்கள் கையைப் பிடித்திருக்கட்டும். உதடு காய்ந்தால் ஈரப்பஞ்சால் துடையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.