1968 நவம்பர் 5: ஹம்ஃப்ரிக்கு ஓட்டுப் போடுவீர்களா, காலியாக விடுவீர்களா?

நதிமூலம்:
அமெரிக்க அதிபர் தேர்தல் ஒவ்வொன்றிலும், அந்த வருடம் நான் அங்கே இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பேன் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். விதி ஒன்றுதான். அன்றைக்குக் காலையில் பேப்பர் படித்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போனவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், பின்னால் நடந்தது எதுவும் கணக்கில் வரக் கூடாது.

1860, 1864 இரண்டிலும் லிங்கன், யோசிக்க ஒன்றுமில்லை. 1912இல் சோஷலிஸ்ட் டெப்ஸ். 1932இல் ரூஸ்வெல்ட். முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய போனஸைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள், அந்த ஜூலையில் ராணுவத்தை ஏவி அவர்களை விரட்டியது ஹூவர் அரசு, குடிசைகள் எரிந்தன, அதற்கு அப்புறம் அவருக்குப் போட எப்படிக் கை வரும்? 1964இல் கோல்ட்வாட்டரை எதிர்த்து ஜான்சன்.

1968இல் வந்து நின்றுவிட்டேன். குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கோ, கறுப்பினத்தவரைப் பிரித்து வைக்க வேண்டும் என்று சொல்லித் தனியாக நின்ற ஜார்ஜ் வாலஸுக்கோ போடும் பேச்சே இல்லை. ஆனால் ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரிக்கும் போட்டிருக்க மாட்டேன். அதிபர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, செனட்டுக்கும் காங்கிரஸுக்கும் மட்டும் போட்டுவிட்டு வந்திருப்பேன். வியட்நாம் போரை எதிர்த்து அதே கட்சியின் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தில் நடக்கும் தேர்தலில், 42 சதவீதம் வாங்கினார், மார்ச் 31இல் ஜான்சனே இனி நிற்கவில்லை என்று சொன்னார். அத்தனை பேர் அத்தனை பனியில் வீடு வீடாக நடந்து செய்த வேலை அது. கடைசியில் ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை அதிபர் ஹம்ஃப்ரிக்கு வேட்பாளர் பதவி போனது. சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டுக்குள்ளே சமாதானத் தீர்மானம் தோற்றது, வெளியே ஹில்டன் ஹோட்டல் வாசலில் போராட வந்த பிள்ளைகளைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அந்தக் கட்சிக்கு, "எங்களை அடித்தாலும் எங்கள் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று நான் சொல்ல முடியாது.

தெற்குவாசல்:
உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் முடிவு தப்பு. நிக்சன் 43.4 சதவீதம், ஹம்ஃப்ரி 42.7. நாடு முழுவதும் சேர்த்து சுமார் 5 லட்சம் ஓட்டு வித்தியாசம். அதிபர் யார் என்று முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் எலக்டோரல் ஓட்டு, ஜெயிக்க 270 வேண்டும். நிக்சனுக்குக் கிடைத்தது 301. கலிஃபோர்னியாவின் 40 மட்டும் கை மாறியிருந்தால் 261, அதாவது 270க்குக் கீழே, தேர்தல் பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும், அங்கே பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. ஆக, நீங்கள் காலியாக விட்ட இடம் காலியாகவே இருக்கவில்லை, அதில் நிக்சன் வந்து உட்கார்ந்தார். அவர் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், 1969 மார்ச்சில் கம்போடியா மேல் ரகசியமாகக் குண்டு போட ஆரம்பித்தார்கள், அங்கே செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

அப்புறம் ஹம்ஃப்ரி யார் என்பதையும் பாருங்கள். 1948இல் மினியாபொலிஸ் மேயராக, 37 வயதில், பிலடெல்ஃபியா மாநாட்டு மேடையில் ஏறி, மாநில உரிமை என்ற நிழலிலிருந்து வெளியே வந்து மனித உரிமை என்ற வெயிலில் நடங்கள் என்று சொந்தக் கட்சியின் முகத்துக்கு நேரே பேசியவர். தென் மாநிலத்துக்காரர்கள் சிலர் எழுந்து வெளியே போனார்கள், அவர்கள் பக்கம் தர்மண்ட் என்பவர் தனியாக நின்று 39 எலக்டோரல் ஓட்டு வாங்கினார், இருந்தும் ட்ரூமன் ஜெயித்தார். 1964 சிவில் உரிமைச் சட்டத்தை, இரண்டு மாதத்துக்கு மேல் பேசிப் பேசியே கொல்லப் பார்த்த செனட்டர்களைத் தாண்டிக் கரை சேர்த்ததும் இவர்தான்.

நதிமூலம்:
தெற்குவாசல், 20,000 பேர் செத்ததும் கம்போடியாவும் 1969க்கு அப்புறம். நவம்பர் 5 காலையில் அது யாருக்குத் தெரியும்? கௌரவமான சமாதானம் கொண்டுவருகிறேன் என்று நிக்சனும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தெரிந்தது வேறொன்று. "போரிலிருந்து நம்மைக் காத்தவர்" என்று 1916இல் வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் 4,000க்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்து அதிபரானார், 1917 மார்ச்சில் பதவியேற்றார், ஏப்ரலில் போர். 1964 அக்டோபரில் ஆக்ரன் நகரத்தில் ஜான்சன், ஆசியப் பையன்கள் செய்ய வேண்டிய வேலைக்கு நம் பையன்களைப் பத்தாயிரம் மைல் தள்ளி அனுப்பப் போவதில்லை என்றார். அடுத்த மார்ச்சில் அமெரிக்க மரைன்கள் வியட்நாமில் தா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். இரண்டு தடவை ஒரே வார்த்தையை நம்பி ஏமாந்த வாக்காளர் மூன்றாவது தடவையும் நம்ப வேண்டும் என்று எப்படிக் கேட்கிறீர்கள், அதுவும் நான்கு வருடம் அந்தப் போரை ஊர் ஊராகப் போய் நியாயப்படுத்தியவருக்காக?

எரிக்கரை:
நான் 1972இல் ஒஹையோ மாநிலத்தின் க்ளீவ்லாண்டுக்கு வந்தவன். அதனால் 1968 எனக்கும் கேள்விப்பட்டதுதான். ஆனால் நதிமூலம் தம்பியின் விதியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் பார் என்கிறீர்கள். 1968இல் தெரியாமல் போனவை என்னென்ன? 1965 பிப்ரவரியிலேயே, இந்தப் போரை விரிக்காதீர்கள் என்று ஹம்ஃப்ரி ஜான்சனுக்கு எழுத்தில் கொடுத்தார். அதற்குத் தண்டனையாக அவரை வியட்நாம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களில் சேர்க்கவில்லை. மனிதர் அதற்கு அப்புறம் வாயை மூடிக்கொண்டு போரை ஆதரித்துப் பேசினார், அது அவர் தப்பு, நான் மறுக்கவில்லை. இன்னொன்று, நிக்சன் தரப்பு அன்னா ஷெனால்ட் என்ற அம்மையார் மூலமாக, கொஞ்சம் பொறுங்கள், எங்களிடம் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று சைகோனிலிருந்த தென் வியட்நாம் அரசுக்குச் சொல்லி அனுப்பியது. அக்டோபர் 31இல் ஜான்சன் குண்டுவீச்சை நிறுத்தினார், தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் தென் வியட்நாம் அதிபர் தியூ பேச்சுவார்த்தைக்கு வர மாட்டேன் என்றார். ஒட்டுக்கேட்டதில் ஜான்சனுக்கு விஷயம் தெரியும், ஹம்ஃப்ரிக்கும் சொன்னார். இருவரும் வெளியே சொல்லவில்லை.

அப்படியென்றால் அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, ஒளித்து வைத்தவனுக்கு லாபம் கொடுப்பது. ஐம்பது வருடம் கழித்தும் ஏன் அந்த லாபத்தைக் கொடுக்க வேண்டும்?

நதிமூலம்:
ஐயா, சரி. வரலாறு எழுதும்போது நீங்கள் சொல்வதுதான் நியாயம். ஆனால் நான் கேட்பது ஓட்டு. ஓட்டுப் போடுகிறவருக்கு மூடிய அறையில் என்ன நடந்தது என்று எப்போதும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்த இருட்டில் நின்று என்ன செய்வது என்பதைப் பழகத்தான் பழைய தேர்தல்களை எடுத்துப் பார்க்கிறேன். பின்னால் தெரிந்ததைச் சேர்த்துக்கொண்டால் எல்லாமே சுலபம், நான் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

கயல்:
இவ்வளவு நேரமாக "அன்றைய வாக்காளர்" என்கிறீர்களே நதிமூலம் அண்ணா, அவர் யார்? நீங்கள் எழுதியதைப் படித்தால் பேப்பர் வாங்கிப் படித்துவிட்டுத் தடையில்லாமல் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற ஒருவர். 1964இல் தென் மாநிலமான மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் பதிவு செய்ய முடிந்தது நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. அந்த மாநிலத்தில், சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்த கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் விழுந்ததென்றால் யார் போட்டார்கள் என்று தெரிகிறதல்லவா?

பதிவு எப்படி நடந்தது என்று பாருங்கள். 1962 ஆகஸ்ட் 31, சன்ஃப்ளவர் மாவட்டத்தில் இண்டியனோலா நீதிமன்றம். பருத்திக்காட்டில் வேலை செய்யும் ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மா இன்னும் 17 பேரோடு பழைய பஸ்ஸில் வந்து இறங்குகிறார். விண்ணப்பத்தில் கேள்விகள், அதில் ஒன்று யாரிடம் வேலை செய்கிறாய் என்பது. அதை எழுதினால் சாயங்காலத்துக்குள் முதலாளிக்குச் சேதி போகும். அப்புறம் மாநில அரசியல் சட்டத்தில் கிளார்க் காட்டுகிற ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதற்குப் பொருளும் எழுத வேண்டும். சரியா தப்பா என்று சொல்வதும் அதே கிளார்க்தான். ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, உங்கள் பஸ்ஸின் மஞ்சள் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம் போட்டது. அன்று இரவே, 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இதையெல்லாம் அவர் சொன்னபோது, டிவி அவர் பக்கமே இருக்கக் கூடாது என்று ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். வெள்ளையர் மட்டுமே வந்திருந்த மிசிசிப்பிக் குழுவை இறக்கிவிட்டு எங்களை உட்கார வையுங்கள் என்று கேட்டவர்களுக்கு இரண்டே இரண்டு இடம் தருகிறேன் என்றார்கள். அந்தச் சமரசத்தைச் சுமந்துகொண்டு போனவர் யார் தெரியுமா, இதே ஹம்ஃப்ரி. அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

நதிமூலம்:
கயல், நீங்கள் என் கட்சிக்கல்லவா பேசுகிறீர்கள்! இரண்டு இடத்தை மறுத்த அந்த மறுப்பைத்தான் நானும் 1968இல் செய்கிறேன் என்கிறேன்.

கயல்:
இல்லை அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். மறுத்தவர்கள் 1968இல் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது, மூன்று வருடத்துக்குள் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத் தொட்டது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையிலேயே முதல் அதிபர் ஓட்டு 1968 ஓட்டுதான். அதை யாருக்குப் போட்டார்கள்? மிசிசிப்பியில் வாலஸ் 63 சதவீதம் வாங்கினார், ஹம்ஃப்ரிக்கு விழுந்த 23 சதவீதம் பெரும்பாலும் இவர்கள் ஓட்டு. ஜெயிக்காது என்று தெரிந்தே போட்டார்கள். இரண்டு இடம் என்று பேரம் பேச வந்தவர் என்பது அவர்களுக்கு மறந்தா போயிருக்கும்?

நீங்கள் சிகாகோ என்றால் ஹில்டன் வாசலை மட்டும் சொல்கிறீர்கள். அதே சிகாகோ மாநாட்டில், அதே வாரம், அந்தப் பழைய மிசிசிப்பிக் குழுவை இறக்கிவிட்டு, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்த குழுவை உட்கார வைத்தார்கள். ஹேமர் தன் இடத்துக்கு வந்தபோது சபை எழுந்து நின்று கை தட்டியது. இதுவும் அன்றைக்குத் தெரிந்த சேதிதான், உங்கள் விதிப்படியே.

தெற்குவாசல்:
இதைத்தான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் எண்களைக் கொட்டினேன்.

நதிமூலம்:
கயல் சொன்னதை நான் யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொருவரையும் பாருங்கள். 19 வயது, படைக்குக் கட்டாயமாக இழுக்கப்பட்டவன். அன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுரிமை 21 வயதில்தான், 18 வயதுக்கு இறங்கியது 1971இல். துப்பாக்கி உண்டு, ஓட்டுக் கிடையாது. அவனுக்காக யாராவது பேச வேண்டுமே? ஹம்ஃப்ரி பேசினாரா?

எரிக்கரை:
பேசினார் தம்பி, தாமதமாக. செப்டம்பர் 30இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து டிவியில், சமாதானத்துக்காக அந்த ஆபத்தை ஏற்று வட வியட்நாம் மேல் குண்டு போடுவதை நிறுத்துவேன் என்றார். அதுவரை கூட்டத்துக்குக் கூட்டம் அவரைக் கத்தி விரட்டிக்கொண்டிருந்தவர்கள் அதற்கு அப்புறம் அடங்கினார்கள். கருத்துக்கணிப்பிலும் ஏற ஆரம்பித்தார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1965க்கு முன்னால் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேருக்குத்தான் குடியேற இடம். அந்த வருடம் அக்டோபர் 3இல் ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டம் இல்லையென்றால் நான் கும்பகோணத்திலேயே இருந்திருப்பேன். 1964இல் ஜான்சனுக்குப் போட்ட யாரும் என்னை மனதில் வைத்துப் போடவில்லை, ஆனால் நான் வந்தது அவர்கள் ஓட்டில். அதே நான் குடியுரிமை வாங்கி, 1980இல் என் முதல் ஓட்டை, சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சனுக்குப் போட்டேன். ஈரானில் பிணைக்கைதிகள், இரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம், அப்போது அதிபராக இருந்த கார்ட்டர் மேல் அவ்வளவு கோபம், அவரை எதிர்த்து நின்ற ரேகன் மேல் பயம். ஒஹையோவில் ரேகன் 10 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், என் ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் அந்தச் சாயங்காலம் ஷிஃப்டில் கூட வேலை பார்த்தவர் யாருக்குப் போட்டாய் என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லக் கூசியது. கை சுத்தமாக இருந்தால் போதும் என்று போட்ட ஓட்டு அது. அவருக்கு வேலை போய்க்கொண்டிருந்தது.

நதிமூலம்:
ஐயா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். செப்டம்பர் 30க்கு அப்புறம் என்றால், ஒஹையோவிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்திருந்தால், ஹம்ஃப்ரிக்குப் போட்டிருப்பேன். மாசசூசெட்ஸில் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன், அங்கே அவர் 63 சதவீதத்தில் ஜெயித்தார், என் எதிர்ப்பைப் பதிவு செய்ய அங்கே இடம் இருந்தது. இதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. மெக்கார்த்தி அக்டோபர் 29 வரை இழுத்தடித்து, அப்போதும் அரைமனதாக ஆதரவு சொன்னது தப்பு என்று மட்டும் இப்போது படுகிறது.

தெற்குவாசல்:
மாசசூசெட்ஸை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மெக்கார்த்தி விஷயத்தில் சரியாகச் சொன்னீர்கள். சால்ட் லேக் பேச்சு முடிந்த மறுநாளே அவர் வந்திருந்தால் முழுதாக ஒரு மாதம் கிடைத்திருக்கும். மிசௌரி, நியூ ஜெர்சி, ஒஹையோ, இல்லினாய், நான்கிலும் நிக்சன் ஜெயித்தது 3 சதவீதத்துக்குள்தான்.