காசு கொடுத்து பேக்லிங்க் வாங்கலாமா?

மார்த்தாண்டம் தேன்கடை: அண்ணன்மாரே, எங்கள் இணையதளத்துக்கு ஐந்நூறு பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தருகிறேன் என்று ஒருவர் நச்சரிக்கிறார். அனுப்பிய மாதிரிப் பட்டியலில் சூதாட்டத் தளமும் ரஷ்ய மொழிப் பக்கமும்தான் கிடக்கின்றன. வாங்கலாமா?

களியக்காவிளைக்காரன்: வேண்டாம் மக்கா. 2012-ல் கூகுள் ‘பெங்குயின்’ என்ற தேடல் வரிசை மாற்றத்தை இறக்கியதே இந்த மாதிரி வேலையைப் பிடிக்கத்தான், அப்போது ரேங்க் விழுந்த தளங்கள் ஏராளம். 2016-க்குப் பிறகு பெரும்பாலும் அந்த லிங்கைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஆனால் கூகுள் ஆளே தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுத்தால் உங்கள் தளம் தேடலில் காணாமலே போகலாம்.

பாறசாலை ரப்பர்: அப்போ விளம்பரத்துக்குக் காசு கொடுத்தாலும் தப்பா?

களியக்காவிளைக்காரன்: அது தப்பில்லை, லிங்கில் ‘ஸ்பான்சர்ட்’ (காசு கொடுத்த லிங்க்) அல்லது ‘நோஃபாலோ’ (ரேங்குக்குக் கணக்கில் எடுக்காதே) என்ற குறி இருந்தால் சரி. தேன்கடை, ரப்பர் துளிர்க்கும் மாதங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பதைப் படத்தோடு எழுதுங்கள், திருவனந்தபுரத்துச் சமையல் தளங்களுக்கும் அனுப்புங்கள். பிடித்தால் அவர்களே லிங்க் தருவார்கள்.