பனியாறு விட்டுச் சென்ற மணற்பாங்கான வண்டல் மண்ணில் என்ன விளையும்?

கேள்வி: திருவட்டாறு விளைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் மகளும் மருமகனும் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகருக்கு அருகே ஒரு குன்றின் சரிவில், அரை ஏக்கர் மனையுடன் வீடு வாங்கியிருக்கிறார்கள். அந்த இடத்தின் மண்ணை "பாக்ஸ்டன் வகை, பனியாற்றுப் படிவிலிருந்து உண்டான மணற்பாங்கான வண்டல், நல்ல வடிகால் உடையது" என்று மண் வரைபடம் குறிப்பதாக மகள் படித்துச் சொன்னாள். வரும் ஏப்ரலில் நானும் மனைவியும் ஆறு மாதம் அங்கே தங்கப் போகிறோம். சும்மா இருக்க முடியாது என்பதால், அந்த மண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

நாற்பது ஆண்டுகளாகச் செம்மண்ணிலும் சரளைக்கல் கலந்த சரலிலும் ரப்பர், வாழை, மரச்சீனி (மரவள்ளி) வைத்துப் பழகியவன் நான். வண்டல் என்றால் பழையாற்றுப் பாசன வயல்களில் படிந்த மண்தான் என் நினைவுக்கு வரும். குன்றின் மேல் வண்டல் எப்படி வந்தது? அடுத்த ஐயம் இது: வடிகால் நல்லது என்று எழுதியிருக்கும் அந்த நிலத்தில், சென்ற மார்ச் மாதம் மருமகன் வேலிக்காகத் தோண்டிய மூன்றடிக் குழியில் பத்து நாட்கள் தண்ணீர் நின்றதாம். இவற்றில் எதை நம்புவது? அங்கே எதைப் பயிரிடலாம் என்றும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: நாகர்கோவில், ஓய்வுபெற்ற மண்ணியல் ஆசிரியர்

ஐயா, முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் "வண்டல்" என்ற ஒரே சொல்லை மூன்று பொருள்களில் புழங்கி வருகிறோம். ஆறு கொண்டுவந்து சேர்த்த மண் ஒன்று. மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட மாவு போன்ற துகள் இன்னொன்று. மணல், துகள், களி மூன்றும் ஓரளவு சேர்ந்த கலப்பு மண் மூன்றாவது. உங்கள் மகள் படித்தது இந்த மூன்றாவது பொருள். இதை வேளாண் நூல்கள் "இருமண்பாடு" என்று குறிப்பிடுகின்றன, குழப்பம் தராத அந்தச் சொல்லையே நான் விரும்புகிறேன். மணற்பாங்கான இருமண்பாட்டில் பொதுவாகப் பாதிக்கு மேல் மணலும், 20 விழுக்காட்டுக்குக் குறைவாகக் களியும் இருக்கும். எடுத்துக்காட்டாக, மணல் 65, துகள் 25, களி 10 என்ற கலப்பு இந்த வகையில் சேரும். ஈரமான மண்ணைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்கும், விரலால் தொட்டால் உதிரும்; கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாடா போல நீட்ட முயன்றால் ஓர் அங்குலம் வருவதற்குள் அறுந்துவிடும். காதருகே வைத்துத் தேய்த்தால் மணல் நறநறவென்று உரசுவது கேட்கும்.

அந்த மண்ணைக் குன்றின் மேல் கொண்டுவந்தது ஆறு அன்று, பனி. கடைசிப் பனியுகத்தில் லாரண்டைட் பனிப்படலம் வடக்கிலிருந்து நகர்ந்து வந்து, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1,917 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலையின் உச்சி உட்பட அந்தப் பகுதி முழுவதையும் மூடியிருந்தது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்ச நிலையை அடைந்து, பிறகு உருகிப் பின்வாங்கியது. நகரும் பனி தன் அடியில் இருந்த கருங்கல்லையும் பட்டைப்பாறையையும் அரைத்து, பாறாங்கல் முதல் மாவு வரை எதையும் தரம் பிரிக்காமல் ஒன்றாகப் போட்டுச் சென்றது. ஆறு பருமணலை ஓரிடத்திலும் களியை வேறிடத்திலும் சேர்க்கும். பனிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எனவே அங்கே தோண்டும்போது தலையளவு கல்லும் மாவு மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சில கற்களில் பனி இழுத்த கீறல்கள் இணைகோடுகளாகத் தெரியும். அப்படி ஒரு கல் கிடைத்தால் பத்திரப்படுத்தி வையுங்கள்.

உங்கள் இரண்டாவது ஐயத்திற்கு விடை மண்ணின் அடியில் இருக்கிறது. பாக்ஸ்டன் மண்ணின் மேற்பகுதி தளர்வானது. 50 முதல் 100 சென்டிமீட்டர் ஆழத்திற்குள், பனியின் பாரத்தால் அமுங்கி இறுகிய ஓர் அடுக்கு தொடங்கும். அதற்குள் வேரும் எளிதில் நுழையாது, தண்ணீரும் மிக மெதுவாகவே இறங்கும். பனிக்காலத்தின் முடிவில் உருகும் நீர் அந்த அடுக்கின் மேல் சில வாரங்கள் தேங்கிப் பின்னர் வடிந்துவிடும். மருமகன் குழி தோண்டியது சரியாக அந்தப் பருவத்தில். பயிர்க்காலத்தின் பெரும்பகுதியில் வேர்ப் பகுதியில் நீர் நிற்காத மண்ணைத்தான் "நல்ல வடிகால்" என்று வகைப்படுத்துகிறார்கள். வரைபடமும் குழியும் இரண்டும் உண்மையே சொல்கின்றன. குழியின் சுவரில் சாம்பல் நிறத் திட்டுகளும் துருப்பிடித்தது போன்ற செம்புள்ளிகளும் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்று பார்த்தால், தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

நம் சரலோடு ஒப்பிட்டால், இரண்டும் புளிப்பு (அமில) மண்தான், காரணங்கள் வேறு. நம் மண் பன்னெடுங்காலமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் கழுவப்பட்டு, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய முதுமண். இடும் மணிச்சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அவர்களுடையது பனி விலகிய பின் உருவான இளமண். அபிரகம், பெல்ஸ்பார் ஆகிய பாறைக் கனிமங்கள் இன்னும் முழுதாகச் சிதையவில்லை. மூலப்பாறையில் சுண்ணாம்பு குறைவு என்பதாலேயே அது புளிக்கிறது. சுண்ணாம்புப் பாறையை அரைத்து வந்த பனிப்படிவில், எடுத்துக்காட்டாக நியூயார்க் மாநிலத்தின் ஹனியாய் மண்ணில், இந்தப் புளிப்பு மிகக் குறைவு.

மறுமொழி 2: கருங்கல் ஊர்க்காரி, இப்போது மாசச்சூசெட்ஸில்

ஐயா, நான் பதினோரு ஆண்டுகளாக இங்கே இதே போன்ற மண்ணில் காய்கறி வைத்து வருகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன கற்களைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் இருபது அடிப் பாத்தி ஒன்றிலிருந்து எல்லாக் கல்லையும் பொறுக்கி எடுத்து, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த ஏப்ரலில் அதே பாத்தியில் மறுபடியும் கல் தலைகாட்டியது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது கல் மேலே தள்ளப்படுகிறது. பனி உருகும்போது அதன் அடியில் மண் புகுந்துவிடுவதால் கல் பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை. காடுகளுக்குள்கூட இங்கே காணப்படும் நீண்ட கல்வேலிகள், பழைய உழவர்கள் இப்படிப் பொறுக்கிய கற்களால் அடுக்கியவை. முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது நம் விளைகளின் எல்லைச் சுவர்களான கையாலைகள் நினைவுக்கு வந்து சற்று நேரம் நின்றுவிட்டேன்.

ஊரில் தண்ணீர் வேகமாக வடியும் மண் என்றால் அதைக் குறையாகவே நினைப்போம். எருவும் உப்பு உரமும் மழையோடு போய்விடும் என்று அப்பா வருந்துவார். இங்கே அதே குணம்தான் பெரிய வரம். ஈரம் தேங்கிய களிமண் மே மாத இறுதிவரை சில்லென்று கிடக்கும்போது, மணற்பாங்கான மண் முன்னதாகவே சூடேறி விதைப்புக்குத் தயாராகிவிடுகிறது. பயிர்க்காலமே மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரைதான் என்பதால், இரண்டு வாரம் முந்துவது வெண்டைக்கும் மிளகாய்க்கும் உயிர்ப்பிரச்சினை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை எல்லா மாதங்களிலும் பரவலாகப் பெய்கிறது. ஆனாலும் ஜூலையில் பத்து நாள் மழை இல்லாவிட்டால் செடி வாடும். வைக்கோலோ இலைச்சருகோ போட்டு மூடுங்கள்.

இந்த மண்ணில் ஆப்பிள் தோட்டங்கள், மாட்டுக்கான புல்லும் மக்காச்சோளமும், உருளைக்கிழங்கு, பூசணி ஆகியவை நன்றாக வருகின்றன. ப்ளூபெரிக்குப் புளிப்பு மண் பிடிக்கும், அதற்குச் சுண்ணாம்பு போடவே கூடாது. மற்றக் காய்கறிகளுக்கு அமிலகார நிலை (pH) 6-க்கு மேல் வரும்படி சுண்ணாம்பு இட வேண்டும். எவ்வளவு என்பதை ஆம்ஹர்ஸ்ட்டிலுள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மண் பரிசோதனைக் கூடத்திற்கு மாதிரி அனுப்பித் தெரிந்துகொள்ளலாம். பழைய வீடாக இருந்தால் சுவரோர மண்ணில் பெயின்ட்டிலிருந்து உதிர்ந்த ஈயம் கலந்திருக்கக்கூடும், அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கேரட் மட்டும் வேண்டாம். கல்லில் முட்டி இரண்டு கால், மூன்று கால் முளைத்துத்தான் வெளியே வரும். மரச்சீனிக்கு இந்தக் கோடை போதாது, ஐயா.

கேட்டவர்: திருவட்டாறு விளைக்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, மரச்சீனி ஆசையை விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு ஐயம். அந்த வீட்டின் கழிவுநீரும் மண்ணுக்குள்தான் போகிறதாம். இறுகிய அடுக்கு இருக்கும்போது அது எப்படிச் சரிவரும்? தோட்டத்தை எங்கே அமைப்பது நல்லது?

மறுமொழி 3: மார்த்தாண்டம், கட்டடப் பொறியாளர்

ஐயா, நம் ஊரில் வெட்டுக்கல் மண்ணில் உறைகுழி தோண்டுவது போல அங்கே தோண்ட முடியாது. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வரும் நீரைத் துளையிட்ட குழாய்கள் வழியாகப் பரப்பி, ஆழமில்லாத மண்ணில் வடியவிடுகிறார்கள். அந்த மாநிலத்தில் "டைட்டில் 5" என்ற கழிவுநீர் விதிப்படி, நீர் எவ்வளவு வேகமாக மண்ணில் இறங்குகிறது என்று குழியில் ஊற்றி அளந்து பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். நிலத்தடி நீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்திற்கு மேல் குறைந்தது 4 அடி இடைவெளியும் வேண்டும். பாக்ஸ்டன் போன்ற மண்ணில் அந்த இடைவெளி இயல்பாகக் கிடைக்காத இடங்களில், வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து மேடாக்கி அதன் மேல் குழாய் பதிப்பார்கள். அந்த மேட்டின் மீதோ, சரிவில் அதற்குக் கீழேயோ காய்கறி வைக்காதீர்கள். இறுகிய அடுக்கின் மேல் நீர் பக்கவாட்டில் சரிவு நோக்கித்தான் நகரும். தோட்டத்திற்கு மேல்சரிவே ஏற்றது. அங்கே நிலம் உறையும் ஆழத்தைக் கணக்கில் கொண்டு அடித்தளத்தை 4 அடிக்குக் கீழே இறக்குவது வழக்கம், ஆகவே வேலிக் கம்பங்களையும் நன்கு ஆழமாக நடச் சொல்லுங்கள்.

கேட்டவர்: திருவட்டாறு விளைக்காரர்

விவரமாக எழுதியதற்கு நன்றி, தம்பி. வீட்டின் மேல்சரிவில் வெயில் படும் இடத்தில் மூன்றடிக் குழி ஒன்று வெட்டி, சுவரை மண்வெட்டியால் சீவிப் படம் எடுத்து அனுப்பும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். செம்புள்ளிகள் எந்த ஆழத்தில் தெரிகின்றன என்பதைப் படத்தோடு இங்கே பதிவிடுகிறேன். ஆசிரியர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.