டெல்டா கைவினைஞர், விதைக்காரர், போராட்டக்காரர்களோடு உரையாடல் தொடர்: எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவது?

கடைமடை
வணக்கம் நண்பர்களே. தங்கள் துறையில் எதையாவது மாற்றிக்கொண்டிருக்கும் டெல்டாக்காரர்களோடு ஒலி வடிவில் ஒரு தொடர் தொடங்கப் போகிறோம். முதல் சுற்றில் சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடம், நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல்லை அரிசியாகவும் அவலாகவும் விற்கும் பெண்கள் குழு, பிறகு நில உரிமை, மீத்தேன் எதிர்ப்பு வேலையில் இருக்கும் இரண்டு பேர். ஆளுக்கு 40 நிமிடம். கையில் இருப்பது சின்ன ரெக்கார்டர் ஒன்று, காலர் மைக் இரண்டு.

இந்த மாதிரி பேட்டிகளில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: சின்ன வயசிலேயே ஆர்வம், இளைஞர்கள் வரணும், அரசாங்கம் கவனிக்கணும். இதைத் தாண்டிப் பேச வைப்பது எப்படி? பட்டறைச் சத்தத்தை என்ன செய்வது? வழக்கு இருப்பவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

பட்டறைத்தெரு
பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க" என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போடுங்கள். கையில் இருக்கும் பொருளைக் காட்டி, அளவு கேளுங்கள்.

சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். அங்கே கேட்க வேண்டியது இப்படி: மெழுகில் தேன்மெழுகு எவ்வளவு, குங்கிலியம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு? சித்திரை வெயிலுக்கும் மார்கழிப் பனிக்கும் அந்தக் கலவையை மாற்றுவீர்களா? குங்கிலியம் கூடினால் மெழுகு இறுகும், எண்ணெய் கூடினால் இளகும், அதனால் இதற்கு ஆளுக்கு ஒரு பதில் இருக்கும். தென்னை ஓலை நறுக்கை மடித்துச் சிலையின் அங்க அளவை (தாள அளவு) எடுக்கும் ஒடியோலையை உங்கள் முன்னாலேயே மடிக்கச் சொல்லுங்கள். மடித்துக்கொண்டே பேசுகிற பத்து நிமிடம் மற்ற அரை மணிக்குச் சமம்.

அடுத்து மண். மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். நைசாக அரைத்து மெல்லிசாகப் பூசினால்தான் நகக்கண் வரை அச்சு விழும். அது நிழலில் காய்ந்த பிறகு களிமண்ணும் மணலும் கலந்த கெட்டிப் பூச்சு, மேலே இரும்புக் கம்பிக் கட்டு. "வண்டல் எந்தத் துறையிலிருந்து வருகிறது, முன்பு போல் கிடைக்கிறதா" என்று ஒரு கேள்வி போதும். ஆற்று மணல் பிரச்சினை முழுவதும் தானாக வந்துவிடும், நீங்கள் அரசியல் பேசவே வேண்டாம்.

தவறுகளைக் கேளுங்கள். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் ஊற்றும்போது ஆவி கிளம்பிக் குமிழ் விழும், சில நேரம் அச்சே பிளக்கும். காற்று வெளியேற வழி சரியாக வைக்கவில்லை என்றால் விரல் நுனிக்கு உலோகம் போய்ச் சேராது. ஊற்றுவதை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு தெரியும். "விரல் விழவில்லை என்றால் ஒட்டு வேலை செய்வீர்களா, உருக்கிவிடுவீர்களா" என்று கேட்டால் தொழில் தர்மம், நஷ்டக் கணக்கு இரண்டும் ஒன்றாக வரும்.

பணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஆனால் விலையிலிருந்து தொடங்காதீர்கள். எடையிலிருந்து தொடங்குங்கள். உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பில் மெழுகு எடையைப் போல் சுமார் ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும், உலோகம் ஊற்றும் வழியான தாரைக்கு ஆவது தனி. ஒரு கிலோ மெழுகு உருவத்துக்குச் செம்பு எவ்வளவு வாங்கினீர்கள், சீவல் எவ்வளவு போனது, அரம் போட எத்தனை நாள் என்று போனால் கூலி எவ்வளவு குறைவு என்பதைக் கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

நரசிங்கம்பேட்டைக்கு ஒரு கேள்வி போதும்: நாகசுரத்துக்கு எடுக்கும் பழைய வீட்டு உத்திரத்து ஆச்சா மரம் தீர்ந்து வரும்போது என்ன செய்கிறீர்கள்? ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு யார் கேட்டு வருகிறார்கள், விலை நகர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். குறியீடு கிடைத்ததோடு செய்தி முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள்தான் அதிகம்.

ஒலிக்காது
வார்ப்பு நாளன்று பேட்டி வைக்காதீர்கள். ஊதுலைச் சத்தம், அவசரம், யாருக்கும் பேச மனசு இருக்காது. அன்று சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். அரம், உளி வேலை நடக்கும் நாளும் பேச்சுக்கு ஆகாது. மெழுகு வேலை நடக்கும் நாள்தான் சரி. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும், சத்தமும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மண் காயத் தாமதமாகும் என்பதால் அப்போது பேச நேரம் கிடைக்கும், மழைச் சத்தத்தைச் சமாளித்தால்.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். பெண்களுக்கு நடு நெஞ்சில் மாட்டினால் தாலிக்கொடி மைக்கில் உரசி ஒவ்வொரு மூச்சுக்கும் டிக் டிக் என்று கேட்கும். தோள்பட்டை மடிப்புப் பக்கம் மாட்டி, வயரை ஒரு சுற்று சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள், படம் எடுப்பீர்கள் என்று நினைத்து. பட்டு சரசரக்கும், நூல் புடவை போதும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இது சின்ன விஷயமில்லை.

ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கட்டும், சிரிப்புக்கும் கோபத்துக்கும் இடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், இன்வெர்ட்டர் பீப் போடுகிறதா என்று பாருங்கள், செல்போன்களை விமான நிலையில் போடுங்கள். வயல் பக்கம் என்றால் மோட்டார் எப்போது ஓடும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது அது இல்லாமல் இடைவெளி பள்ளம் விழுந்த மாதிரி கேட்கும்.

வெண்ணாற்றங்கரை
நெல் பக்கம் சத்தத்தைவிடப் பெரிய சிக்கல் அளவு. இங்கே பேசுவது மா கணக்கில். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. "ஏழு மூட்டை கண்டுது" என்று ஒருத்தர் சொன்னால் அது மாவுக்கா ஏக்கருக்கா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். மாவுக்கு 7 மூட்டை, மூட்டை 60 கிலோ என்றால் ஏக்கருக்கு 1,260 கிலோ. அதையே ஏக்கருக்கு 7 மூட்டை என்று போட்டுவிட்டால் 420 கிலோ. பாரம்பரிய நெல் விளையவே விளையாது என்று சொல்கிறவர்களுக்கு அதுவே ஆதாரமாகிவிடும். மூட்டையும் ஒரே அளவில்லை, கொள்முதல் நிலையத்தில் சிப்பம் (மூட்டை) 40 கிலோ.

பாரம்பரிய நெல் விதைகளைத் திரட்டிப் பரப்பிய நெல் ஜெயராமனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், 2018 டிசம்பரில் அவர் காலமானதோடு நிறுத்துவார்கள். அவர் நடத்திய முறையைக் கேளுங்கள்: இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும். வாங்கினவர்களில் எத்தனை பேர் திருப்பித் தந்தார்கள், வந்த விதையில் கலப்பு இருந்தால் யார் எப்படிப் பிரிக்கிறார்கள், பூக்கும் சமயத்தில் வயலில் இறங்கி வேற்றுக் கதிரைப் பிடுங்க ஆள் கிடைக்கிறதா? விதை காப்பவர் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

விற்பனைக் குழுவிடம் அரிசி கண்ட கணக்கு: நூறு கிலோ கறுப்புக் கவுனியில் எவ்வளவு அரிசி, எவ்வளவு குருணை, தவிடு நீக்காத அரிசியில் எத்தனை நாளில் வண்டு விழுகிறது, திரும்பி வந்த பாக்கெட்டை என்ன செய்தார்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் மருத்துவப் பலனை நீங்கள் படித்துக் காட்டி ஒப்புதல் முத்திரை குத்த வேண்டாம்.

நாள் குறிக்கும்போது நடவு, அறுவடை பார்த்துக்கொள்ளுங்கள். தை அறுவடையில் போய் 40 நிமிடம் கேட்டால் வாயில் வராததெல்லாம் வரும். காட்டுயானம் போன்ற நெல் ஆறு மாதம் வயலில் நிற்கும், மற்றவர் அறுத்து முடித்த பிறகும் அவர்கள் ஓய மாட்டார்கள்.

கடைமடை
மா கணக்கு இப்படி இடறும் என்று யோசிக்கவே இல்லை, நன்றி. போராட்டக்காரர்கள் பற்றி யாராவது?

வக்காலத்து
முதலில் படித்துவிட்டுப் போங்கள். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற திட்டங்களில் புதிதாக வருபவற்றைத் தடுக்கிறது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. இது தெரியாமல் "இப்ப வெற்றிதானே" என்று கேட்டால் பாதி நேரம் உங்களுக்குப் பாடம் எடுப்பதிலேயே போகும். "உங்கள் ஊரில் எந்த எண்ணெய், எரிவாயுக் கிணறு நின்றது, எது ஓடுகிறது" என்று கேளுங்கள்.

நில உரிமைக்கும் அதே மாதிரி. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி 1981இல் தொடங்கிய லாஃப்டி என்ற நில உரிமை அமைப்பு, மிராசுதாரரிடம் பேசி நிலத்தை வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. அந்த வழியில் வேலை செய்பவரிடம் தத்துவம் கேட்காமல் பத்திரம் கேளுங்கள். பதிவுச் செலவு யார் கட்டியது, பட்டா மாற எத்தனை மாதம், தவணை தவறினால் என்ன ஆகும், அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது.

வழக்கு நிலுவையில் இருந்தால் சம்பவ நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். யார் எங்கே நின்றார், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் ஒலிப்பதிவாக நீதிமன்றத்துக்கே போகலாம். அவருடைய வக்கீலிடம் கேள்விகளை முன்னாலேயே காட்டிவிடுங்கள். மூன்றாம் ஆள் மீது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால், ஆவணம் இல்லாத வரை வெட்டிவிடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, அதாவது அவதூறுப் பிரிவு, சொன்னவரோடு வெளியிட்டவரையும் இழுக்கும்.

சம்மதத்தைக் குரலிலேயே பதியுங்கள்: பெயர், ஊர், தேதி, எங்கே வெளியாகும், வெளியிடும் முன் கேட்டுப் பார்த்து நீக்கச் சொல்லும் உரிமை உண்டு என்பது. படம் எடுத்தால் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

பட்டறைத்தெரு
ஒன்று விட்டுப்போயிற்று. சிற்பக்கூடத்தில் அரை நாள் வேலை நின்றால் அரை நாள் கூலி போகும். அதைக் கொடுத்துவிடுங்கள், உதவியாளருக்கும் சேர்த்து, பேசுவதற்கு முன்னாலேயே. ஆனால் வழக்கு, போராட்டம் என்று இருப்பவர்களுக்குப் பணம் தராதீர்கள், பயணச் செலவு போதும். காசு வாங்கிக்கொண்டு பேசினார் என்று நாளைக்கு எதிர்த்தரப்பு சொல்லும்.