'மீடியா ஆஃப்லைன்': 'பாதைப் பிறழ்வு' என்னும் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காணொளித் தொகுப்பு மென்பொருளால் காட்சிக் கோப்பைக் கண்டுபிடிக்க இயலாதபோது தோன்றும் 'மீடியா ஆஃப்லைன்' என்ற பிழைச்செய்திக்கு 'இணைப்பில்லா ஊடகம்' என்னும் சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெங்களூரு அல்சூரில் திருமணக் காணொளி தொகுக்கும் தமிழர் ஒருவர், எஸ்.பி. ரோட்டில் புதிய எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் வாங்கிப் பொருத்தி, விண்டோஸை மறுபடி நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை விண்டோஸ் 'டி' என்ற எழுத்தால் குறித்துவந்த ஹார்ட் டிஸ்க் இப்போது 'ஈ' ஆகிவிடுவது உண்டு. தொகுப்புத் திட்டக் கோப்பினுள் காட்சிகள் இருப்பதில்லை; அவை வட்டில் எங்கே உள்ளன என்ற பாதைதான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே அந்த ஓர் எழுத்து மாறினாலே போதும், பிரீமியர் புரோ என்னும் தொகுப்பு மென்பொருளின் காட்சிச் சாளரம் சிவந்து, பல மொழிகளில் அந்த அறிவிப்பு வந்து நிற்கும். (அம்மொழிகளுள் தமிழ் இல்லை என்பது எனக்கு வருத்தமே.) முகூர்த்தக் காட்சி முழுவதும் வட்டில் பழுதின்றி இருக்கும்போதே, அது அழிந்துவிட்டதோ என்று அவர் பதறுவார். அந்நேரத்தில் 'இணைப்பில்லா' என்று படித்தால், வைஃபையைத்தான் முதலில் சோதிப்பார்.

'தடமிழப்பு' என்ற மாற்றுப் பரிந்துரை அழகானது. ஆனால் தொகுப்பில் 'தடம்' என்பது காட்சியையும் ஒலியையும் அடுக்கும் வரிசையான ட்ராக்கை ஏற்கெனவே குறிக்கிறது. 'ஒலித்தடத்தில் உள்ள கோப்பு தடமிழந்தது' என்று எழுதினால் எந்தத் தடம் என்று யாருக்கும் விளங்காது.

எனவே 'பாதைப் பிறழ்வு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். கோப்பின் இருப்பிடத்தைச் சுட்டப் 'பாதை' என்ற சொல் கணித்தமிழில் நிலைபெற்றுவிட்டது. பிறழ்தல் மனப்பிறழ்வை நினைவூட்டும் என்று சிலர் கருதலாம். ஆயினும் 'நெறி பிறழாத' என்று நாம் அன்றாடம் சொல்வதில் நெறி என்பதும் வழிதானே. 'பாதை பிறழ்ந்த கோப்பு' என்று பெயரெச்சமாகவும் இது இயல்பாக வருகிறது.

கோப்பின் புதிய இருப்பிடத்தை மென்பொருளுக்குக் காட்டும் ரீலிங்க் வேலையைப் 'பாதைத் திருத்தம்' எனலாம். 'மீட்பு' வேண்டாம், அது தரவு மீட்பையே நினைக்க வைத்து, இழக்காததை இழந்ததாகக் காட்டும். உண்மையில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் திருத்தத்துக்கே தேவையிருக்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பேச வேண்டும். கோப்பும் பாதையும் சரியாக இருந்தும், அதன் கோடெக்கை, அதாவது காட்சியைச் சுருக்கிப் பதிந்த முறையை, படிக்க இயலாதபோது டாவின்சி ரிசால்வ் என்னும் தொகுப்பு மென்பொருள் அதே அறிவிப்பைக் காட்டுவது உண்டு. வன்பொருள் மாற்றத்துக்கும் இதில் பங்குண்டு. பெயரின் இறுதியில் 'எஃப்' உள்ள இன்டெல் செயலிகளில் உள்ளமை வரைகலை (இன்டிகிரேட்டட் கிராஃபிக்ஸ்) இல்லாததால், சுருக்கிய காணொளியை விரைந்து குறிவிலக்கும் (டிகோட் செய்யும்) குயிக் சிங்க் வசதியும் இல்லை; பழைய கணினியில் சீராக ஓடிய 10 பிட் 4:2:2 எச்.265 என்னும் கனமான வடிவக் காட்சி புதியதில் திணறுவதற்கு இது காரணமாகலாம். இங்கே பாதையை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. தீர்வு வேறாக இருக்கும்போது பெயரும் வேறாக இருப்பதே பயனருக்கு நாம் செய்யும் நியாயம். இந்த நிலைக்குக் 'குறிவிலக்கத் தடை' என்பது இப்போதைக்கு எனக்குத் தோன்றுகிறது. தொகுப்பாளர்களுக்கு இன்னும் நேராக விளங்கும் சொல் உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து எழுதுங்கள்.